நிற்கத் தெரிந்த படகு: குடும்ப உலாவுக்குச் சிறு பாய்ப்படகை அமைக்கும் முறை

சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 30ஆம் பாடலில் ஒரு பெரிய மரக்கலம் வருகிறது. மேலே கட்டிய பாயைக் களையாமலும், ஏற்றிய பாரத்தைக் குறைக்காமலும் அது புகாரின் ஆற்றுமுகத்துள் புகுந்துவிடுகிறது. துறையின் ஆழத்தைச் சிறப்பிக்க வந்த செய்தியாக இதனைக் கொள்வர். ஆயினும் கடலோடியின் கண்கொண்டு நோக்குவோர்க்கு அதனுள் மற்றொரு செய்தியும் புலப்படும். பாயைக் களையாமல் புகுந்தது வியப்புக்குரியது என்றால், களைந்த பின்னர்ப் புகுவதே அன்றைய பொதுவழக்கு என்பது பெறப்படும். கரை நெருங்கும்போது முதலில் பாயைக் குறைப்பதும், ஓட்டத்தை அடக்குவதும், அதன் பின்னரே துறைக்குள் வருவதும் நம் முன்னோர் கைக்கொண்ட ஒழுங்கு.

அந்தப் பழைய ஒழுங்கே இன்று ஒரு குடும்பம் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் சிறு பாய்ப்படகுக்கும் அடிப்படையாகும். பந்தயப் படகை விரைவுக்காக அமைக்கிறார்கள். குடும்பப் படகையோ நினைத்த நொடியில் நிற்பதற்காக அமைக்க வேண்டும். தாயும் தந்தையும் பிள்ளைகளும் ஏறியமரும் படகில், எத்துணை வேகமாக ஓட்டலாம் என்பது இரண்டாவது வினா. எத்துணை எளிதாக அதன் வலிமையை இறக்கி வைக்கலாம் என்பதே முதல் வினா. அவ்வாறான படகின் அமைப்பையும், அதற்கு வேண்டிய சொற்கள் தமிழில் எவ்வாறு உள்ளன என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

உறுப்புகளும் பெயர்களும்

படகின் முன்முனைக்கு அணியம் என்று பெயர். பாயைத் தாங்கி நிற்பது பாய்மரம்; சங்கப் பாடல்கள் இதனைக் கூம்பு என்றும் சொல்லும். பாயின் மேல்விளிம்பைத் தாங்கும் குறுக்குக்கழி பருமல். பாயையும் பருமலையும் மேலேற்றவும் கீழிறக்கவும் பயன்படும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்மூலையில் கட்டி, பாயை உள்ளிழுக்கவும் வெளியே தளர்த்தவும் கையில் பிடித்திருக்கும் கயிறு தாமான். படகைத் திருப்புவது சுக்கான். நிறுத்தி வைப்பது நங்கூரம்.

இச்சொற்களுள் சில பல கடல்களைக் கடந்து வந்தவை. சுக்கான் அரபுச் சொல். நங்கூரம் பாரசீகத்திலிருந்து வந்தது. தாமான் என்பதும், ஆடையின் தொங்கலைக் குறிக்கும் பாரசீகச் சொல்லோடு தொடர்புடையது. கடற்கரையில் இருதிசை வணிகர்களும் ஒரே கயிற்றைப் பிடித்து வேலை செய்தபோது, கயிற்றின் பெயரும் கைமாறியது இயல்பே. ஆக, பாய்ப்படகைப் பற்றித் தமிழில் எழுதுவதற்கு நாம் புதிதாகச் சொல் தேடி அலைய வேண்டுவதில்லை. பெரும்பாலானவை முன்னரே ஆயத்தமாக உள்ளன.

காற்றின் கணக்கு

படகின் அமைப்பைப் பேசுமுன் காற்றின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். காற்று வரும் திசையை நேராக நோக்கி எந்தப் பாய்ப்படகும் ஓடாது. அத்திசைக்கு இருபுறமும் ஏறத்தாழ 45 பாகைவரை படகால் இயங்க இயலாத பகுதியாகும். அப்பக்கம் செல்ல விரும்புவோர் வலமும் இடமுமாக மாறிமாறி வளைந்தே முன்னேற வேண்டும். இயங்க இயலாத இப்பகுதியைக் குறையென்று கருதுதல் கூடாது. குடும்பப் படகோட்டிக்கு அதுவே புகலிடம். அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்பினால் பாய் கொடிபோல் படபடக்கும், விசை அற்றுப்போகும், படகு நின்றுவிடும்.

காற்று பக்கவாட்டிலிருந்து வரும்போது தாமானைத் தளர்த்தினாலே போதும், பாய் காற்றை விட்டுவிடும். ஆனால் காற்று பின்னாலிருந்து வரும்போது தாமானை எவ்வளவு தளர்த்தினாலும் பாய் காற்றை ஏந்திக்கொண்டே இருக்கும். அப்போது படகைத் திருப்பிய பின்னரே அதனை நிறுத்த இயலும். புதியவர்கள் அறியாது இடர்ப்படுவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். பின்காற்றில் படகு அமைதியாகச் செல்வதுபோல் தோன்றும். காற்றின் உண்மையான வலிமை உடலில் படாது. திரும்பும்போதே அது தெரியவரும்.

காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும் என்பது இயற்பியல் விதி. 12 சதுர மீட்டர் பாயை எடுத்துக்கொள்வோம். காற்று நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நேராக மோதினால், தோராயக் கணக்கில் 18 கிலோ எடையின் அளவு விசை அதன்மீது விழும். காற்று 10 மீட்டர் வேகமாக உயர்ந்தால் விசை 36 கிலோ ஆவதில்லை. 72 கிலோ ஆகிறது. வேகம் இரட்டித்தது, விசை நான்கு மடங்கானது. அப்போது பாயின் பரப்பைப் பாதியாகக் குறைத்தாலும் விசை முன்பிருந்ததைப்போல் இருமடங்காகவே இருக்கும். ஆகவே, "காற்று கூடினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்னும் எண்ணம் கடலில் செல்லாது.

காற்றை அளக்கக் கருவி இல்லாதவர்க்கும் கண் உண்டு. பிரிட்டன் கடற்படையைச் சார்ந்த பிரான்சிஸ் பியூபோர்ட் 1805இல் காற்றைப் படிகளாக வகுத்தார். பின்னர் விரிவாக்கப்பட்ட அந்த அளவையில் 3ஆம் படி மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். அங்கொன்றும் இங்கொன்றுமாக அலைமுகட்டில் வெண்ணுரை தோன்றும். 4ஆம் படி 20 முதல் 28 கிலோமீட்டர். வெண்ணுரை அடிக்கடி காணப்படும். 5ஆம் படி 29 முதல் 38 கிலோமீட்டர். கடலெங்கும் வெண்ணுரையாக இருக்கும். குழந்தைகளோடு செல்லும் சிறு படகுக்கு 3ஆம் படி இன்பமானது. 4ஆம் படியில் பாயைச் சுருக்க வேண்டும். 5ஆம் படியில் கரையிலிருந்தே கடலைக் காண்பது நன்று.

முன்மாதிரியாக இரு படகுகள்

பாய்ப்படகு செல்வர்க்கே உரியது என்னும் நிலையை மாற்றிய படகுகளுள் ஒன்று, பிரிட்டனில் 1963இல் அறிமுகமான 'மிரர்' என்னும் சிறு படகு. ஜாக் ஹோல்ட் என்னும் படகு வடிவமைப்பாளரும், வீட்டுவேலைகளைத் தாமே செய்துகொள்ளத் தொலைக்காட்சியில் கற்பித்துவந்த பாரி பக்னெலும் சேர்ந்து இதனை உருவாக்கினர். 'டெய்லி மிரர்' நாளிதழின் ஆதரவால் அப்பெயர் வந்தது. அதன் பாய்களும் சிவப்பு நிறம் பெற்றன. ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளைக் கண்ணாடியிழைப் பட்டையாலும் பிசினாலும் ஒட்டிவிடலாம். தச்சுத்தொழில் அறியாதவரும் வீட்டிலேயே கட்டிக்கொள்ளக்கூடிய முறை இது. நீளம் 3.3 மீட்டர், உடற்பகுதியின் எடை ஏறத்தாழ 45 கிலோ. இத்தகைய படகுகள் 70,000க்கும் மேல் கட்டப்பட்டுள்ளன.

மற்றொன்று, பிரிட்டன் கடற்படையில் பணியாற்றிய ஜான் வாட்கின்சன் 1960களில் வடிவமைத்த 'டிராஸ்கோம் லக்கர்'. இது சற்றுப் பெரியது. நீளம் ஏறத்தாழ 5.7 மீட்டர், அகலம் 1.9 மீட்டர், மூன்று பாய்களின் மொத்தப் பரப்பு சுமார் 12 சதுர மீட்டர். குடும்பத்தோடு பகற்பொழுதில் உலாவ வேண்டும் என்பதே இதன் நோக்கம். எனினும் இதன் உறுதியைக் காட்ட ஒரு செய்தி போதும். வெப் சைல்ஸ் என்னும் அமெரிக்கர் 1978இல் கலிபோர்னியாவின் சான்டியாகோவிலிருந்து, மூடுதளமற்ற இத்தகைய படகில் தனியாகப் புறப்பட்டுப் பசிபிக் பெருங்கடலைக் கடந்தார். அவரைப் பின்பற்றுமாறு எவரையும் நாம் தூண்டவில்லை. அடங்கி நடக்குமாறு அமைத்த படகு வலுவற்றதாக இருக்கும் என்னும் எண்ணம் தவறு என்பதற்கே இதனைச் சுட்டினோம்.

இவ்விரு படகுகளிலிருந்தும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை பல. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

பாயின் அமைப்பு

முதலாவது, பாய் தாழ்ந்திருக்க வேண்டும். உயரத்தில் விழும் விசை நெம்புகோல்போல் படகைச் சாய்க்கும். ஆகவே பரப்பு ஒன்றே ஆயினும், உயர்ந்து குறுகிய பாயைவிடத் தாழ்ந்து அகன்ற பாயே குடும்பத்திற்கு ஏற்றது. மேற்கூறிய இரு படகுகளிலும் பாய்மரம் குட்டையானது. பாயின் மேற்பகுதியைத் தாங்கும் பருமல், பாய்மரத்தோடு ஒட்டி ஏறத்தாழச் செங்குத்தாக மேலே நீண்டு நிற்கும். ஆஞ்சானைத் தளர்த்தியவுடன் பருமலும் பாயும் ஒருங்கே இறங்கிவிடும்; உயரத்தில் எஞ்சி நிற்கும் சுமை குறைந்துவிடும். மிரர் படகில் மரமும் கழிகளும் அனைத்தும் படகின் நீளத்துக்குள்ளேயே அடங்கும். வீட்டு முற்றத்தில் வைப்பதற்கும் வண்டியில் ஏற்றுவதற்கும் இது பேருதவி.

இரண்டாவது, ஒரே பெரிய பாயைவிடப் பிரித்த சிறு பாய்கள் நல்லவை. லக்கர் படகில் அணியத்தருகே ஒரு முன்பாய், நடுவில் பெரும்பாய், பின்முனையில் ஒரு சிறு பின்பாய் என மூன்று உண்டு. ஒவ்வொன்றும் ஒருவர் கைக்கு அடங்கும் அளவினது. காற்று மிகும்போது பெரும்பாயை முழுவதும் இறக்கிவிட்டு, முன்பாயும் பின்பாயும் மட்டும் கொண்டு ஓட்டலாம். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக இருப்பதால் சமநிலை கெடுவதில்லை.

மூன்றாவது, பாயின் அடிவிளிம்பில் கட்டும் கழியைப் பற்றியது. பெரும்பாலான படகுகளில் இக்கழி பாயை விறைப்பாக வைத்திருக்கும். ஆனால் பின்காற்றில் படகு சிறிது திசை தவறினாலும், பாய் ஒருபுறமிருந்து மறுபுறத்திற்குத் திடீரென வீசப்படும். கழி தலைமட்டத்தில் சுழன்று வரும். குனியத் தெரியாத குழந்தைக்கும், விரைந்து குனிய இயலாத முதியவர்க்கும் இதனால் தலையில் அடிபடும். லக்கரின் பெரும்பாயில் இக்கழியே கிடையாது. பின்காற்றில் சிறிது வேகம் குறையும் என்பது உண்மை. தலைக்கு விலையாக அவ்வேகத்தைக் கொடுப்பதில் தவறில்லை. கழியில்லாப் பாயிலும் கீழ்மூலையில் கனமான கப்பியைத் தொங்கவிடாமல், தாமானைக் கயிற்று முடிச்சாலேயே பிணைப்பது நன்று. படபடக்கும் பாயின் மூலையில் உலோகம் இருப்பது சுத்தியலைக் கயிற்றில் கட்டிச் சுழற்றுவதற்கு ஒப்பாகும்.

நான்காவது, பாயைச் சுருக்கும் வசதி. பெரும்பாயின் கீழ்ப்பகுதியில் வரிசையாகச் சிறுகயிறுகளைத் தைத்திருப்பார்கள். பாயைச் சிறிது இறக்கி, கீழ்ப்பகுதியை மடித்து, இக்கயிறுகளால் கட்டினால் பரப்பு குறையும். முன்பாயைச் சாளரத் திரைபோல் சுருட்டிவைக்க உருளை ஒன்று பொருத்தினால், எவரும் அணியத்திற்குத் தவழ்ந்து செல்ல வேண்டியதில்லை. இருந்த இடத்திலிருந்தே ஒரு கயிற்றை இழுத்து முடித்துவிடலாம். பாயைச் சுருக்கும் பயிற்சியைக் கரையில் காற்றற்ற நாளில் நான்கைந்து முறை செய்து பார்க்க வேண்டும். கடலில் ஐயம் தோன்றியவுடன் சுருக்க வேண்டும். சுருக்கலாமா என்னும் வினா எழுகிறது என்றாலே, சுருக்கும் வேளை வந்துவிட்டது என்று பொருள். இதனினும் நன்று, காற்று ஐயத்துக்குரியதாக இருக்கும் நாளில் கரையிலேயே சுருக்கிக்கொண்டு புறப்படுவது. கடலில் விரிப்பது எளிது, சுருக்குவதே கடினம்.

கயிறுகளின் ஒழுங்கு

புதியவரை மருட்டுவது கயிறுகளின் கூட்டமே. குடும்பப் படகில் கயிறுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நன்மை. ஒவ்வொரு கயிற்றுக்கும் ஓரிடம் வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் அதே இடத்தில் அது இருக்க வேண்டும். ஆஞ்சான்களை ஒரு நிறத்திலும் தாமான்களை வேறு நிறத்திலும் வாங்கினால், "நீலக் கயிற்றை விடு" என்று சொன்ன மாத்திரத்தில் பத்து வயதுப் பிள்ளையும் செய்துவிடும். ஆஞ்சானின் எஞ்சிய நீளத்தை வளையமாகச் சுற்றித் தொங்கவிட வேண்டும். காலடியில் சிக்குண்டு கிடக்கும் ஆஞ்சான், பாயை இறக்க வேண்டிய நொடியில் மேலே சென்று மாட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் முதன்மையான விதி ஒன்றுண்டு. பெரும்பாயின் தாமானை ஒருபோதும் முடிச்சிட்டுக் கட்டிவைத்தல் கூடாது. அது கையில் இருக்க வேண்டும்; கை ஓய்ந்தால், ஓர் இழுப்பில் விடுபடும் பற்றுப்பொறியில் இருக்கலாம். சிறு படகுகள் கவிழ்வதற்கு உரிய காரணங்களுள் கட்டிவைத்த தாமான் முக்கியமான ஒன்று. திடீர்க் காற்று வீசும்போது சிந்திக்க நேரமில்லை. விரல்களைத் திறக்க மட்டுமே நேரம் உண்டு.

நடுவில் நிற்கும் கலை

லக்கரின் பின்பாய் அளவில் சிறியது. ஆயின் குடும்பத்திற்கு அதுவே பெருந்துணை. அதன் தாமானை இறுக்கிக் கட்டிவிட்டு, மற்றப் பாய்களைத் தளர்த்தியோ இறக்கியோ விட்டால், கூரையின்மேல் உள்ள காற்றுக்காட்டி காற்றை நோக்கித் திரும்புவதுபோல் படகும் தானே அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்பிக்கொண்டு நிற்கும். மெல்லப் பின்னோக்கி நகரும், அவ்வளவே. அந்நிலையில் பாயைச் சுருக்கலாம், உணவுப் பொதியைப் பிரிக்கலாம், அழும் குழந்தையைத் தேற்றலாம், வாந்தியெடுப்பவரைக் கவனிக்கலாம். ஓட்டுபவர் சுக்கானை விட்டுவிட்டு இரு கைகளையும் பயன்படுத்த முடிகிறது என்பதே இதன் சிறப்பு. பெரும்பாயின் தாமானுக்குச் சொன்ன விதி இச்சிறு பாய்க்குப் பொருந்தாமைக்கும் இதுவே காரணம்.

பாய் ஏற்றும் வரிசையும் இதிலிருந்தே அமைகிறது. முதலில் பின்பாய், அது அணியத்தைக் காற்றை நோக்கிப் பிடித்து நிறுத்தும். அடுத்துப் பெரும்பாய்; அது படபடத்துக்கொண்டே ஏறும். இறுதியில் முன்பாய், அதனை விரித்தவுடன் படகு புறப்படும். இறக்கும்போது இவ்வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். மனனம் செய்ய எளிதான இவ்வொழுங்கைப் பிள்ளைகள் ஒரே நாளில் கற்றுவிடுவர். பின்பாய் இல்லாத சிறு படகில், அணியத்திலிருந்து நங்கூரத்தை இறக்கியும் இதே பயனைப் பெறலாம்.

உடலும் உடைமையும்

படகின் உடல் அகன்றதாகவும், நீர் புகுந்தாலும் மூழ்காத காற்றறைகளை உடையதாகவும் இருக்க வேண்டும். பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும் நடுப்பலகை, மேலே தூக்கக்கூடியதாக இருத்தல் இன்றியமையாதது. லக்கரில் அதனைத் தூக்கிவிட்டால் கால் மீட்டர் ஆழமே போதும். மணற்கரையில் ஏறி நின்று, குழந்தைகளை முழங்கால் நீரில் இறக்கிவிடலாம்.

உடன்கொள்ள வேண்டியவை சிலவே. ஆனால் ஒன்றும் விடுபடலாகாது. ஒவ்வொருவர்க்கும் அவரவர் அளவில் உயிர்காப்பு அங்கி. அதனைப் படகில் வைத்திருப்பது போதாது, அணிந்திருக்க வேண்டும். நங்கூரமும் போதிய கயிறும். ஒரு சோடித் துடுப்பு. காற்று நின்றுவிட்டால் அதுவே வழி. நீர் இறைக்கும் வாளி, கயிற்றால் படகோடு பிணைத்தபடி. கத்தி, ஊதல், குடிநீர், தொப்பி, நீர்புகா உறையிலிட்ட கைப்பேசி. இயந்திரம் இருப்பின் அதற்கான எரிபொருள். இயந்திரம் இருக்கிறது என்பதால் துடுப்பை விட்டுச்செல்வது அறிவுடைமை ஆகாது.

பாய்மரத்தை நிறுத்துமுன் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதையும் ஈண்டு வலியுறுத்துகிறோம். உலோகப் பாய்மரம் மின்கம்பியைத் தொட்டால் உயிரிழப்பு நேரும். படகை நிறுத்திய இடத்திலிருந்து நீருக்குத் தள்ளிச்செல்லும் வழிநெடுக மேலே கம்பி செல்கிறதா என்று நோக்கிய பின்னரே மரத்தை நிமிர்த்த வேண்டும்.

அமரும் இடமும் ஆற்றும் பணியும்

சிறு படகில் மனிதர்களே நிறைசுமை. காற்று வரும் பக்கம் அவர்கள் அமர்ந்தால் படகு நிமிரும். பாக்கு நீரிணைப் பகுதியின் பாய்ப்படகுகளில் காற்று வரும் பக்கமாகப் பலகை ஒன்றை வெளியே நீட்டி, அதன்மேல் ஆட்கள் அமர்ந்து படகைச் சமன்செய்த வழக்கத்தை, சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பதிவு செய்துள்ளார். குடும்பப் படகில் அத்தகைய வித்தை வேண்டா. பலகை நீட்ட வேண்டிய அளவுக்குக் காற்று இருந்தால் பாயைச் சுருக்கிவிடலாம். ஆயினும் எடை எங்கிருக்கிறதோ அங்கே படகு பணியும் என்னும் உண்மை இரண்டிற்கும் ஒன்றே. எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் எழுந்து நின்று டால்பினைக் காட்டுவது கூடாது.

சும்மா அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அச்சம் வரும். பணியுள்ள பிள்ளைக்கு வருவதில்லை. ஒருவர் முன்பாயின் தாமானைப் பார்க்கட்டும். ஒருவர் பிற படகுகளும் வலைமிதவைகளும் வருகின்றனவா என்று நோக்கட்டும். இளையவர் வாளிக்குப் பொறுப்பேற்கட்டும். பெரியவர் இருவரும் படகை நிறுத்தத் தெரிந்தவராக இருத்தல் மிகத் தேவையானது. ஓட்டுபவரே தவறி நீரில் விழுந்துவிட்டால், எஞ்சியவர் படகை நிறுத்தித் திரும்பிச் சென்று எடுக்க வேண்டுமல்லவா? தந்தைக்கு மட்டுமே தெரிந்த படகு குடும்பப் படகு ஆகாது. ஒருவேளை கவிழ்ந்துவிட்டால், கரை எவ்வளவு அருகில் தெரிந்தாலும் நீந்திச் செல்ல முயலாமல் படகைப் பற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்பதையும் புறப்படுமுன் ஒவ்வொருவரிடமும் சொல்லி வைக்க வேண்டும். மிதக்கும் படகு தொலைவிலிருந்தும் தெரியும். மனிதத் தலை தெரிவதில்லை.

பகற்பொழுதின் திட்டம்

நிலம் கடலைவிட விரைவில் சூடேறும், விரைவில் ஆறும். அதனால் பகலில் கடலிலிருந்து நிலத்தை நோக்கியும், இரவு முதிர்ந்து விடியும்வரை நிலத்திலிருந்து கடலை நோக்கியும் காற்று வீசும் இயல்புடையது. விடியலுக்கு முன் நிலக்காற்றில் பாய்விரித்துச் சென்று, பிற்பகலில் கடற்காற்றில் கரை திரும்பிய நம் மீனவர் வாழ்க்கை இவ்வியல்பின்மேல் கட்டப்பட்டது. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று திசைக்கொரு பெயரிட்ட மொழி நம்முடையது. கடலோர மக்களுக்குக் காற்றின் பெயர் இலக்கியச் சுவைக்கு மட்டும் உரியதன்று; இன்று செல்லலாமா என்பதற்கான விடை அது.

குடும்ப உலாவுக்கு நாம் கூறும் விதி எளியது. முதலில் காற்றை எதிர்க்கும் திசையில் சென்று, களைத்தபின் காற்றோடு திரும்ப வேண்டும். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது புதியவர் புறப்படலாகாது. கரையோரம் நீர் அமைதியாகத் தோன்றும். சற்றுத் தொலைவு சென்றதும் திரும்ப முடியாத வலிமையோடு காற்று வெளியே தள்ளும். வானிலை அறிக்கையைக் கேட்டபின், அங்குள்ள மீனவர் ஒருவரையும் கேட்க வேண்டும். செல்லும் இடமும் திரும்பும் நேரமும் கரையில் ஒருவர்க்குத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் "இன்னும் சிறிது நேரம்" என்று கெஞ்சும்போதே திரும்பிவிட வேண்டும். அப்போதுதான் அவர்கள் மறுமுறையும் வருவார்கள்.

எஞ்சியிருக்கும் கடமை

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால் ஒவ்வொன்றும் ஒரே கருத்தில் சென்று முடிவதைக் காணலாம். தாழ்ந்த பாய், கட்டாத தாமான், உடனே இறங்கும் ஆஞ்சான், தானே நிற்கச் செய்யும் பின்பாய், தூக்கக்கூடிய நடுப்பலகை ஆகிய அனைத்தும் வலிமையைப் பெறுவதற்கு அல்ல, வேண்டும்போது துறப்பதற்கு வகுத்தவை. காற்றை வெல்ல எவராலும் இயலாது. அதனிடம் வேண்டிய அளவு பெற்று, மிகுந்ததைத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவரே நல்ல படகோட்டி.

இவ்வறிவை நமக்கு எடுத்துக்காட்ட பிரிட்டனின் படகுகளைத் துணைக்கழைத்தோம். ஆனால் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் தூத்துக்குடித் தோணிகள் பாய்விரித்தே இலங்கைக்குச் சரக்கேற்றிச் சென்றன. தொண்டி வட்டாரக் கடற்கரையில் பாய்மரப் படகுப் போட்டிகள் இன்றும் நடைபெறுகின்றன. இயந்திரம் வந்தபின் பாய் அருகியது. பாயோடு அதன் சொற்களும் அருகி வருகின்றன. அகராதியில் ஆஞ்சான் இருக்கிறது. ஆனால் அதனைக் கையால் இழுத்தவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். எந்தக் காற்றில் எவ்வளவு பாயைச் சுருக்கினார்கள், எந்தச் சொல்லைக் கூவி ஒருவர்க்கொருவர் பணியிட்டார்கள் என்பன எந்த அகராதியிலும் முழுமையாக இல்லை.

கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், நாகூர் போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து வந்து பயிலும் மாணவர்கள் அடுத்த விடுமுறையில் தம் ஊர்ப் பெரியவர்களிடம் அமர்ந்து இவற்றைக் கேட்டு எழுதிவருவார்களாயின், அது தமிழுக்குச் செய்யும் நற்றொண்டாகும். பெரியவர்களும் "இதையெல்லாம் இப்போது யாருக்குச் சொல்வது" என்று ஒதுங்கிவிடாமல் சொல்லித்தர வேண்டுகிறோம். பாயை எப்போது இறக்க வேண்டும் என்று அவர்கள் அறிந்தது, நாளை தம் குழந்தைகளோடு கடலுக்குப் போகும் ஒரு குடும்பத்தைப் பாதுகாப்பாகக் கரைசேர்க்கும்.